வண்டி சூடானால் வாடகை யார் தலையில்?

நெல் அறுவடைக்கு வாடகை வண்டி பிடிக்கும் சிறு விவசாயிகள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வயலில் வண்டி சூடேறி இழுக்கத் திணறினால், அது வண்டிக்காரரின் கஷ்டம் என்று நாம் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறோம். மணிக்கணக்கில் வாடகை பேசிய பிறகு அது நம்முடைய கஷ்டமும்தான்.

நான் இருப்பது அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பகுதி இது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 2011இல் அம்பத்தூர் நகராட்சியே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இன்று இங்கே வயலைத் தேட வேண்டும். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் பல காலம் வேலை செய்த எனக்கு, பெரியபாளையம் பக்கம் ஒன்றரை ஏக்கர் பயிரிடும் மைத்துனர் வழியாகத்தான் விவசாயத் தொடர்பு நீடிக்கிறது.

ஒரு நவரை அறுவடை. சித்திரை வெயில். ரப்பர் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டி காலையில் அரை ஏக்கரைத் தடையில்லாமல் அறுத்துப் போட்டது. உச்சி வேளையில் வேகம் குறைந்தது. லிவரை முழுதாக முன்னே தள்ளியும் வண்டி ஊர்ந்தது. “பம்பு போயிடுச்சுங்க, கழட்டினாத்தான் தெரியும்” என்றார் டிரைவர். மைத்துனர் என்னிடம், “மாமா, நீங்க ஒரு தடவை பாருங்களேன்” என்றார்.

இஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். ஆயில் கூலரின் முன்வலை முழுக்க வைக்கோல் தூசும் பதரும் அடைத்து, மெத்தை போல் இருந்தது. ஆற விட்டு, பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு காலையில் போன வேகத்திலேயே வண்டி போயிற்று. நின்ற ஒரு மணி நேரத்தை வாக்குவாதம் செய்து கழித்துக்கொண்டோம். ஊர்ந்த நேரத்துக்கு மட்டும் முழு வாடகை கொடுத்தோம்.

ஏன் இப்படி ஆகிறது? டிராக்டரில் இஞ்சினின் சக்தி கிளட்ச் வழியாகப் பல்சக்கரங்களுக்குப் போகிறது. பெல்ட் வண்டிகள் பெரும்பாலானவற்றில் நடுவே ஒரு பம்பும் ஒரு மோட்டாரும் உண்டு. இஞ்சின் பம்பைச் சுற்றுகிறது. பம்பு அழுத்தத்தோடு ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் மோட்டாரைச் சுற்றி வண்டியை நகர்த்துகிறது. கிளட்சை மிதிக்காமல் ஒரே லிவரில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இதனால்தான். கார்களில் வந்திருக்கும் ஆட்டோமேடிக் கியரின் அமைப்பு வேறு. ஆனாலும் பழைய வகையில் அங்கேயும் ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது.

வேலை செய்கிற ஆயில் சூடேறத்தான் செய்யும். அந்தச் சூட்டை வெளியேற்றுவது கூலர். கூலர் அடைபட்டால் ஆயில் மேலும் சூடேறி நீர்த்துப்போகிறது. நீர்த்த ஆயில் பம்பின் நுண்ணிய இடைவெளிகளில் கசிந்து வீணாகிறது. இழுவை குறைகிறது; கசிவு மேலும் சூட்டைக் கிளப்புகிறது. ஒவ்வொரு 10 டிகிரி சென்டிகிரேடு கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அரைநாள் அலட்சியம் பம்பையே தேய்த்துவிடும்.

எனவே திறப்பதற்கு முன்னால் வெளியே பார்க்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அதற்கும் ஒரு வரிசை உண்டு. இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஆறிய பிறகே கை வைக்க வேண்டும்.

முதலில் கூலர் வலையும் ரேடியேட்டரும். செலவில்லாத சோதனை இது. அறுவடைக் காலத்தில் பெரும்பாலும் குற்றவாளியும் இதுதான். ஈரத் தூசு காய்ந்தால் களிமண் போல் இறுகும். ஆகவே காற்றால் ஊதுவதே நல்லது.

இரண்டாவது, பேன் பெல்ட். தொய்ந்திருந்தால் காற்று போதாது.

மூன்றாவது, ஆயில் அளவு. சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், அளவுக்கு மீறினாலும் கெடுதல்.

நான்காவது, ஆயிலின் நிறமும் வாசனையும். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் காற்று புகுகிறது. கறுத்துத் தீய்ந்த வாசனை அடித்தால் ஆயில் வெந்துவிட்டது; பில்டரோடு சேர்த்து மாற்ற வேண்டும். கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றக் கூடாது. வண்டியின் புத்தகத்தில் சொன்ன ரகம்தான் வேண்டும்.

ஐந்தாவது, பாரம். பிரேக் பிடித்தபடியே இருக்கிறதா, பட்டையில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், காலையில் இழுத்த வண்டி சூடேறியதும் இழுக்கவில்லை என்றால், பம்போ மோட்டாரோ தேய்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். அப்போதுதான் கழற்றும் பேச்சு வர வேண்டும். அதையும் சேற்றிலும் தூசியிலும் வைத்துச் செய்யக் கூடாது. பம்புக்குள் போகும் மணல் துகள் ஒன்று போதும், புது பம்பும் பாழாகும்.

இத்தனையும் வண்டிக்காரர் பார்க்க வேண்டிய வேலை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நம் கையில் இருக்கும் சோதனைக் கருவி கைக்கடிகாரம். முதல் கால் ஏக்கர் அறுக்க எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பயிர் சாயாமல், சேறும் இல்லாமல், அடுத்தடுத்த கால் ஏக்கருக்கு நேரம் கூடிக்கொண்டே போனால், வண்டியை நிறுத்திக் கூலரைப் பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வண்டி இறங்குவதற்கு முன்பே, பழுதுக்காக நிற்கும் நேரம் வாடகையில் சேராது என்று பேசிவிடுங்கள். ஏக்கர் கணக்கில் பேசலாமே என்றால், அவசரத்தில் ஓட்டி மணியைச் சிதறடிக்கும் அபாயம் அதில் உண்டு.

நம் பங்கும் இருக்கிறது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். முழங்கால் சேற்றில் வண்டியை இறக்கிவிட்டு, சூடேறுகிறது என்று டிரைவரைக் கோபிப்பது நியாயமல்ல.

வேளாண்மைப் பொறியியல் துறையும் அறுவடை வண்டிகளை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. பழுது நேரத்துக்கு வாடகை இல்லை என்பதைத் தனியார் வண்டிக்காரர்களும் ஏற்கும்படி ஒரு பொது நடைமுறையைத் துறை முன்னின்று ஏற்படுத்தலாம். சீசனுக்கு முன்னால் டிரைவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தந்தால், பல பம்புகள் பிழைக்கும்.

ஒன்றரை ஏக்கர்காரருக்கு இரண்டு மணி நேர வாடகை சிறிய தொகை அல்ல. அடுத்த முறை வண்டி வயலில் இறங்கும்போது, டிரைவருக்கு மோர் கொடுத்த கையோடு அந்த வலையையும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.