சேப்பாக்கம் யாருக்காகப் புதுசாச்சு?

சேப்பாக்கத்தை நன்றாகவே புதுப்பித்திருக்கிறார்கள். அதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பழைய ஸ்டேடியத்தில் தூணுக்குப் பின்னால் சீட் கிடைத்தால் பாதி பிட்ச்தான் தெரியும். 2011 உலகக் கோப்பையை ஒட்டி வந்த ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளில் அந்தத் தொல்லை இல்லை. கட்டிய பிறகு அனுமதிச் சிக்கலில் அவை வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது வேறு கதை. 2023 மார்ச்சில் கலைஞர் பெயரில் இன்னொரு ஸ்டாண்டும் திறந்தாயிற்று.

சரி, இதெல்லாம் வருஷத்தில் எத்தனை நாளைக்கு? ஐபிஎல் லீக் சுற்றில் சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டம். இந்தியா வந்தால் இன்னும் சில நாள். கிளையன்ட் முன்னால் காட்டும் டெமோ மட்டும் பளபளவென்று ஓடும் சாஃப்ட்வேரை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் இந்த வியாதி எனக்குத் தெரியும்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று இங்கேதான் நடந்தது. மெட்ராஸ் அணி மைசூரை ஒரே நாளில் முடித்துக்கட்டியது. இன்று ரஞ்சி ஆட்டம் நடக்கும்போது திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலில் நான்காவது ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். காலி நாற்காலிகள்தான் வரவேற்கும்.

"யாரும் வர்றதில்லையே, நாங்க என்ன பண்றது?" என்பார்கள். கூப்பிட்டால்தானே வருவார்கள்!

1999 ஜனவரி 31. பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலைச் சொல்லிச் சொல்லியே 'விவரம் தெரிந்த ரசிகர்கள்' என்று இன்னமும் பெருமைப்படுகிறோம். அந்த விவரம் எங்கிருந்து வந்தது? பெரிய ஆட்டம் இல்லாத நாட்களில், பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரிடம் "ஸ்லிப்பை ஏன் மாமா எடுத்துட்டாங்க?" என்று கேட்டுக் கேட்டு வந்தது. டிஜே அலறும் ராத்திரியில் அந்தக் கேள்வி பக்கத்து சீட்டுக்கே கேட்காது.

நான் கேட்பது கோடிகள் இல்லை. சின்ன ஆட்டம் நடக்கும் நாளில் நிழலுள்ள ஒரு ஸ்டாண்டை இலவசமாகத் திறந்து வையுங்கள். எந்த வாசல் என்று ரோட்டிலேயே ஒரு போர்டு. குடிக்கத் தண்ணீர். பெண்கள் தயங்காமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை. யார் பந்து போடுகிறார் என்று பெயர் காட்டும் ஸ்கோர்போர்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ். அவ்வளவுதான்.

ரசிகர்களை ஏலத்தில் எடுக்க முடியாது சார். வெயிலில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, மெதுவாகத்தான் ஒரு ரசிகன் உருவாகிறான். அவன் உட்கார இடம் இல்லையென்றால், அடுத்த 1999-இல் எழுந்து நிற்க யார் இருப்பார்கள்?