பெருநாள் சட்டையும் மின்சார பைக்கும்



வளைகுடாவில் பணிபுரியும் தந்தை ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், மகன் குர்ஆனை ஓதி முடித்துவிட்டான். மண் பாதையில் ஓட்டும் மின்சார பைக் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். விடுமுறையில் ஊர் வரும்போது பெரியதாகவே வாங்கிவிடலாமா? நான்கைந்து ஆண்டுகள் ஓட்டுவானே!” என்றார். மகனுக்கு வயது ஒன்பது.

வாக்கைக் காக்க எண்ணுவது நற்பண்பு. ஆயினும், வளரும் பிள்ளைக்குப் பெருநாள் சட்டையை ஓர் அளவு கூட்டித் தைப்பதுபோல வாகனத்தை வாங்கலாகாது. தொளதொளத்த சட்டை பிள்ளையை வீழ்த்தாது. கால் எட்டாத வாகனம் வீழ்த்திவிடும்.

கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தமும் குறைவு. ஆதலால் மின்சார வண்டி எளிது என்று கருதுகிறோம். ஆனால் மின் மோட்டார் நின்ற நிலையிலேயே மிகுந்த இழுவிசையைத் தரக்கூடியது. அஞ்சிய சிறுவன் கைப்பிடியை இறுகப் பற்றுகையில் ஆக்சிலேட்டரும் திருகிக்கொண்டால் வண்டி முன்னே பாயும்.

எனவே, இருக்கையில் அமர்ந்த பிள்ளையின் இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும். பிரேக் விரலுக்கு எட்ட வேண்டும். விழுந்த வண்டியை அவனே நிமிர்த்த இயல வேண்டும். வேகத்தைப் பெற்றோர் குறைத்து வைக்கும் வசதி இருத்தல் நலம். தயாரிப்பாளர் குறித்துள்ள வயதையும் எடையையும் மீறலாகாது. ரேஸர் நிறுவனம் தனது எம்.எக்ஸ். 350 வண்டிக்கே 13 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. தலைக்கவசம், முழங்கால், முழங்கைக் காப்புகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இவ்வண்டிகள் தெருவில் ஓட்டுவதற்கானவை அல்ல. சிறார் மோட்டார் வாகனக் குற்றம் புரிந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பாதுகாவலருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆகவே சொந்தத் தோப்போ மதில் சூழ்ந்த திடலோ தேவை. அருகில் பெரியவர் ஒருவரும் தேவை.

இவற்றைச் சொல்லிவிட்டு, “நீங்கள் ஊரில் இல்லாத மாதங்களில் அவன் அருகில் நிற்கப்போவது யார்?” என்று கேட்டேன். நெடுநேரம் அவர் பேசவில்லை.

அவருக்கு நான் கூறியது இதுவே: இப்போது அவன் உயரத்திற்கேற்ற சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். காரணத்தை மறைக்காமல் மகனிடமே எடுத்துரைத்து, அவன் மனமொப்பும்படி தவணை கேளுங்கள். அது வாக்கு மீறுவதாகாது. பிள்ளை அமானிதம்; அவன் ஆசையும் உயிரும் ஒருசேர நம் கையில் உள்ளன.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.