மெக்காய் யார்? மாற்று எது?

ஆங்கிலத்தில் ‘இரியல் மெக்காய்’ என்றொரு தொடர் உண்டு. போலியன்று, கலப்பன்று, பெயருக்கேற்ற பொருளே இஃது என்று உறுதி கூறுங்கால் அவர்கள் அதனை ஆள்வர். பொருளுக்கும் சொல்வர், ஆளுக்கும் சொல்வர். பேச்சு வழக்கேயன்றி, ஆவணத்திலோ முறைமன்றத் தீர்ப்பிலோ ஏறும் தகுதி அதற்கில்லை. இவ்வளவே அதன் பொருளும் ஆட்சியும். ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் இதனை அறிந்துகொள்வதில் யாதொரு குற்றமும் இல்லை. பிறமொழியைப் பிறமொழியாகக் கற்பதை யாம் என்றும் மறுத்ததில்லை.

ஆனால், நடப்பது அதுவன்று. தமிழ்க் கட்டுரை எழுதப் புகுந்தவர், ‘இவர்தாம் தமிழிசையின் இரியல் மெக்காய்’ என்று நடுவே செருகுகின்றார். ஏன் ஐயா என்றால், ‘அந்த அழுத்தம் தமிழில் வராது’ என்கின்றார். வராதாம்! சரி, அந்த மெக்காய் யார் என்று அவரைக் கேளுங்கள். அவருக்கு மட்டுமா தெரியாது? ஆங்கிலம் பேசுவோரே ஆளுக்கொரு மெக்காயைக் காட்டுவர். குத்துச்சண்டைக்காரர் ஒருவர் என்பார் சிலர். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை குடிவிலக்கு இருந்த காலத்தில் தண்ணீர் கலவாத சாராயத்தைக் கப்பலில் கடத்தியவர் என்பார் வேறு சிலர்.

இக்கதைகளுள் உள்ளத்தைத் தொடுவது ஒன்றுண்டு. அடிமைத்தளையினின்று தப்பிக் கெண்டக்கியிலிருந்து கனடாவுக்கு ஓடிய கருப்பினப் பெற்றோர்க்குப் பிறந்தவர் எலீசா மெக்காய். எடின்பரோவில் பொறியியல் பயின்றவர். அத்தகையவருக்கு அமெரிக்காவில் கிடைத்த வேலை, தொடர்வண்டி உலைக்குக் கரி தள்ளுவதும் பொறிக்கு எண்ணெய் இடுவதுமே! கற்ற கல்வியை அவர்கள் பார்க்கவில்லை; தோலின் நிறத்தைப் பார்த்தனர். அவ்வேலையிலிருந்தே அவர், ஓடும் பொறிக்குத் தானாக எண்ணெய் சொட்டும் கருவியை ஆக்கி 1872இல் காப்புரிமை பெற்றார். பிறர் செய்த போலிகளை ஒதுக்கி, ‘இது மெக்காய் செய்ததுதானா’ என்று கேட்டு வாங்கினராம். அதனால் தொடர் பிறந்ததாம்.

உண்மையாக இருந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயின், காலம் இடங்கொடுக்கவில்லையே! 1856இல் வெளிவந்த இசுக்காட்லாந்துப் பாட்டொன்றிலேயே நல்ல விசுக்கிக்கு இத்தொடர் வந்துவிட்டது. அன்று எலீசாவுக்குப் பன்னிரண்டு அகவை இருக்கலாம். அங்கே பெயர் ‘மெக்காய்’ அன்று, ‘மக்கே’ என்பது. 1870இல் எடின்பரோவின் மக்கே விசுக்கி நிறுவனம் அதனையே தன் விளம்பரமாக்கிக் கொண்டது. கடல் கடந்தபின் மக்கே மெக்காயாகத் திரிந்தது. மெய்ப்பொருளைக் குறிக்கும் தொடரே தன் மெய்ப்பெயரை இழந்து நிற்கும் வேடிக்கை இது! எலீசாவின் பெருமையோ அவர் ஆக்கிய கருவியில் இருக்கின்றது. இத்தொடர் அவருடையதன்று என்பதால் அதில் ஓர் அணுவும் குறையாது.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல். ‘மக்’ என்பது இசுக்காட்லாந்தின் கேலிக்கு மொழியில் மகனைக் குறிக்கும். இதனைக் கேட்டவுடன், ‘பார்த்தீர்களா, நம் மகன்!’ என்று துள்ளும் அன்பர் நம்முள் உளர். பொறுங்கள். அயர்லாந்தின் பழைய ஓகம் கல்வெட்டுகளில் அச்சொல் ‘மக்குவி’ என்றிருக்கின்றது. அதன் உறவு மொழியாகிய வேல்சில் ‘மாப்’ என்றிருக்கின்றது. பழைய வடிவம் இவ்வாறிருக்க, இன்றைய ஓசை ஒன்றையே பிடித்துக்கொண்டு உறவு கொண்டாடுவது ஆராய்ச்சியன்று. எலீசா கதையைக் கட்டியவர் செய்ததும் இதுவே. நம் பாவாணர் சொல்லாய்வுக்கு வாழ்நாளையே ஈந்தது இத்தகைய அரைகுறைக் கூச்சலுக்காகவா? ஒரு பொய்வேரைக் காட்டினால், நாம் காட்டும் நூறு மெய்வேர்களையும் பகைவர் எள்ளி நகைப்பர்.

இனி, தமிழில் வராது என்ற கூற்றுக்கு வருவோம். பொற்கொல்லர் பட்டறைக்குச் சென்று பாருங்கள். பொன்னை உரைகல்லில் இழைப்பர். மாற்றுத் தெரிந்த ஆணியின் கீற்றை அதனருகே இழைத்து ஒப்புநோக்குவர். இத்தனை மாற்று என்பர். சோழர் கல்வெட்டுகளிலேயே பொன்னுக்கு மாற்றுக் குறிக்கும் வழக்கம் உண்டு. அப்பட்டறையிலிருந்து வந்தவையே ‘பத்தரை மாற்றுத் தங்கம்’, ‘மாற்றுக் குறையாதவர்’, ‘ஆணிப்பொன்’ என்பன. கட்டளைக்கல் என்னும் சொல்லை வள்ளுவர் 505ஆம் குறளில் ஆண்டுள்ளார். ஆண்டிருப்பதும் பொன்னை அளக்கவன்று, ஆளை அளக்க! அவர்கள் தொடரின் பின்னே இருப்பது எவனென்று தெரியாத ஒருவனின் பெயர். நம் தொடரின் பின்னே இருப்பது எவரும் இழைத்துப் பார்க்கக்கூடிய ஒரு தேர்வு. எதில் ஐயா அழுத்தம் மிகுதி?

மெக்காயை எழுதுவோர் சிலரே. ஊர்முழுதும் வழங்கும் ‘அசல்’, ‘நகல்’ இரண்டும் அரபுச் சொற்கள் என்பதை நம்முள்ளே எத்துணைப் பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? ‘ஒரிசினல்’, ‘டூப்ளிகேட்’ என்பன அவற்றின்மேல் ஏறி அமர்ந்த புதுச்சுமை. போதாக்குறைக்கு, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த, நெய்க்கும் எண்ணெய்க்கும் குத்தும் ‘அக்மார்க்’ பொறியை மாந்தர் மேலும் குத்தி, ‘அக்மார்க் தமிழன்’ என்கின்றார்கள். தமிழன் என்ன, தகரப் புட்டியில் அடைத்த நெய்யா?

ஆவணத்துக்கு முதற்படி, படி என்க. கடனுக்கு அசலும் வட்டியும் என்னாது முதலும் வட்டியும் என்க. நம் பாட்டன்மார் அவ்வாறே சொன்னார்கள். சரக்குக்குக் கலப்பற்றது என்க. கலந்ததைப் போலி என்றே சொல்க. அந்தத் தமிழிசைக் கட்டுரையாளர், தம் வரியை ‘இவர்தாம் தமிழிசையின் பத்தரை மாற்று’ என்று திருத்தி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.