அரை மணி நேரக் காணொலியா பயிற்சி?

முதியோர் இல்லப் பணியாளர்களுக்குச் சர்க்கரை நோய் பற்றி இனி நேரில் பயிற்சி தேவையில்லை, கைப்பேசியில் அரை மணி நேரக் காணொலி போதும் என்ற முடிவை மாற்றப் போவதில்லை என்று அதிகாரிகள் கடைசியில் சொல்லியேவிட்டார்கள். செலவு மிச்சம், எல்லோருக்கும் சீக்கிரமே சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். சான்றிதழ் வந்துவிடும். அதை வாங்கியவர்களின் கையில் இருக்கும் முதியவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு?

இன்சுலின் ஊசியையே எடுத்துக்கொள்வோம். நம் மருந்துக் கடைகளில் இன்சுலின் புட்டி இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100 யூனிட். முதல் வகைக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதுக்கு ஆரஞ்சு மூடி. மங்கலான விளக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் 25 யூனிட் போய்விடும். ஊசியைப் போட்டுவிட்டு, பாட்டி தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைத்தால், காலையில் அவரை எழுப்ப முடியாமலே போகலாம். புட்டியையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்து, எதிரே ஒருவர் உட்கார்ந்து, தப்பாக இழுக்கும்போதே தடுத்துத் திருத்தினால்தான் இது கைக்கு வரும்.

சுகர் இறங்குவதைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். 70க்குக் கீழே போகக் கூடாது என்று காணொலி சொல்கிறது. எண்பது வயதுக்காரருக்கு வியர்வையோ நடுக்கமோ வராமலே சுகர் இறங்கலாம் என்பதை யார் சொல்வது? அவர் சம்பந்தமில்லாமல் பேசுவார், தட்டைத் தள்ளிவிடுவார். ‘தாத்தாவுக்கு இன்னைக்கு மறதி ஜாஸ்தி’ என்று விட்டுவிடுவார்கள். விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் அதே சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவருக்கு 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். ஊசி போட்டாயிற்று, அடுக்களையிலிருந்து இட்லி இன்னும் வரவில்லை, என்ன செய்வது? காணொலியிடம் இதைக் கேட்க முடியாது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழகத்தில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. முதியோர் இல்லங்களில் எவ்வளவு இருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

முடிவெடுத்தவர்கள் இப்படிச் செய்வது இது முதல் தடவையும் இல்லை. முன்பு இல்லங்களுக்குக் குளுக்கோமீட்டர் கொடுத்தார்கள்; ஸ்ட்ரிப்பை யார் வாங்குவது என்று யோசிக்கவில்லை. கருவிகள் பீரோவுக்குள்ளேயே கிடந்தன. பிறகு ஒரு கையேடு வந்தது. அதில் ஓட்ஸ் இருந்தது, ஆலிவ் எண்ணெய் இருந்தது. ரேஷன் அரிசிக் கஞ்சி குடிப்பவருக்கு எத்தனை கரண்டி என்று ஒரு வரி இல்லை. மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வெந்து கொப்புளமாகிவிடும் என்ற எச்சரிக்கை கூட இல்லை. கால் விரலை இழந்தவர்களின் குடும்பங்கள் கேட்டபோது, ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்றார்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணி நேர வேலை, சொற்பச் சம்பளம், எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும் என்ற பயம். இல்லங்களில் வேலை செய்யும் இந்தப் பெண்களுக்கு இவ்வளவு சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற அலட்சியம்தான் அந்தக் காணொலி முழுக்கத் தெரிகிறது. தங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஊசி போட, காணொலி மட்டும் பார்த்த ஒருவரை இந்த அதிகாரிகள் விடுவார்களா?

நேரடிப் பயிற்சி திரும்ப வர வேண்டும். எப்படி, எத்தனை நாள், யார் செலவில் என்பதை ஊசி போட்டுப் பழகிய செவிலியர்களையும் இந்தப் பணியாளர்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை அந்தச் சான்றிதழை யாருக்கும் கொடுக்காதீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் காகிதத்தை நம்பித்தான் பிள்ளைகள் பெற்ற தாயை இல்லத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.