பிடியரிசியும் மணிக்கணக்கும்

தொண்டு என்பது யாது? 1969ஆம் ஆண்டில் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டம், அதிற் சேர்ந்த மாணாக்கர் ஆண்டொன்றுக்கு 120 மணி நேரம் பணிபுரிதல் வேண்டுமென விதிக்கின்றது. நன்றே. ஆயினும், மணி நிறைந்ததும் தொண்டும் நிறைந்ததென நாம் எண்ணுவோமாயின், நம் சிற்றூர்க் கத்தோலிக்கப் பாட்டிமார் நம்மை நோக்கி நகைப்பர்.

என் பாட்டியார் கையெழுத்திடவும் அறியார். உலை வைக்குந்தோறும் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் இடுவார். கலம் நிறைந்ததும் அஃது ஏழையர் வீடு செல்லும். பேறுகாலம் என்று நள்ளிரவில் அழைப்பினும், சாதி வினவாது எழுந்து சென்றவர் அவர். மரணப் படுக்கையில் இருப்போர் அருகே விடியுமளவும் அமர்ந்து ஜெபமாலை சொல்லுவார்.

இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைப்பேறும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றது, அது மகிழத்தக்கதே. ஆனால், பிணியாளர்க்குத் துணையாய் விழித்திருத்தலும், பசித்த வீட்டைக் கேளாமலே அறிந்து உதவுதலும் மணியளந்து செய்யத்தக்கன அல்ல.

அன்பர்காள்! கணக்கை ஒழிக்க என்று யான் கூறவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், நம் தெருவில் உலையேறாத வீடு எது என்பதை முதலில் அறிவோம். அதனை அறியாதார் பெறும் சான்றிதழ் வெறுந்தாளே.