பிள்ளையின் படிப்பை நிறுக்கும் தராசு

பால் நிறுக்கும் இடத்தில் தராசைப் பாராமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற தொழிலாளி நம் மந்தின் வட்டாரத் தோட்டங்களில் ஒருவரும் இல்லை. கால் கிலோ குறைந்தாலும் கிராணியாரிடம் கேட்கிறோம். அவரும் கோபித்துக் கொள்வதில்லை. ஆனால் நம் பிள்ளையின் படிப்பு நிறுக்கப்படும்போது நாம் எங்கே இருக்கிறோம், தோழர்களே?

பழைய கதையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது. எதைக் கற்பிப்பது என்பதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? இந்தியாவிலிருந்து வந்த புத்தகத்தைப் படித்த பிள்ளை, இரண்டு மூன்று வகுப்போடு நின்று உளியைப் பிடித்தது. எம்மொழிப் பள்ளியானாலும் பாடத்திட்டத்தின் உள்ளடக்கம் பொதுவாக இருக்க வேண்டும் என்றது 1956-இல் வந்த ரசாக் அறிக்கை. பின்னர் 1983-இலும் 2011-இலும் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய பாடத்திட்டங்கள் வந்தன. 2027-க்கு இன்னொன்றைக் கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது.

திட்டம் தீட்டுவோர் புத்ராஜெயாவில் இருக்கிறார்கள். அது பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்பதோ வகுப்பறையில்தான் தெரியும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஒரு தேர்வுக்காக ஆண்டெல்லாம் மனப்பாடம் செய்த கொடுமை ஒழிந்தது நல்லதே. இப்போது ஆசிரியரே வகுப்பறையில் மதிப்பிட்டு, 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார். எத்தனை 'ஏ' என்று எண்ணிப் பழகிய நமக்கு இந்த எண்ணின் பொருள் விளங்குகிறதா?

நாம் அறிந்த ஒரு தாய், மரம் வெட்டுகிறவர், ஒரு நாள் கூலியை விட்டுப் பள்ளிக்குப் போனார். அறிக்கையில் '3' என்று இருந்தது. கையெழுத்திட்டுத் திரும்பினார். கழித்தல் கணக்கில் கடன் வாங்கவே பிள்ளைக்குத் தெரியவில்லை என்பது எட்டு மாதம் சென்றே அவருக்குத் தெரிந்தது. அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்?

ஆகவே நாம் கேட்பது இது. அறிக்கை தரும் நாளைப் பள்ளிகள் பிற்பகலில் வைக்கட்டும். இயலாவிட்டால், அன்றைய கூலி குறையாமல் பெற்றோரை அனுப்ப நிர்வாகங்கள் முன்வரட்டும். பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லட்டும்.

நமக்கும் கடமை உண்டு. கிராணிமார் தோழர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அறிக்கையைப் படித்துச் சொல்லலாம். எந்தப் பாடத்தில் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்வோம். குறிப்பேட்டில் பதியச் செய்வோம். பல பள்ளிகளிலிருந்து அத்தகைய குறிப்புகள் மேலே சென்றால், பாடத்திட்டம் திருத்துவோரின் காதுக்குத் தோட்டத்தின் குரலும் எட்டும்.

பால் நிறுவையைக் கேட்கக் கூசாத நாம், பிள்ளையின் படிப்பைக் கேட்க ஏன் கூச வேண்டும்? அடுத்த அறிக்கை நாளில் கையெழுத்திடும் முன் ஒரு கேள்வியாவது கேட்போம்!