வரிச் சலுகை யாருக்கு?

எண்ணெய் முதலாளிக்கா? வேலை இல்லாதவருக்கா?

வரி வாங்குவது சர்க்காரின் வேலை. சில சமயம், சிலருக்கு வரியைக் குறைப்பதும் உண்டு. அதற்குப் பெயர்தான் "வரிச் சலுகை".

சலுகை சும்மா வருவது அல்ல. ஒருவர் கட்டாத வரியின் சுமை மற்றவர்கள் தலையில் விழுகிறது. ஆகவே, சலுகை பெறுகிறவர் பதிலுக்கு என்ன செய்கிறார் என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

அமெரிக்காவில் கொடுத்த இரண்டு சலுகைகளைப் பார்த்தால் இது விளங்கும்.

எண்ணெய்க் கிணறு

எடுக்க எடுக்க எண்ணெய்க் கிணறு வற்றும். முதலாளியின் சொத்து குறையும். இதை ஈடு செய்ய 1926-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது.

100 டாலருக்கு எண்ணெய் விற்றால், அதில் 27½ டாலரை வரிக் கணக்கில் இருந்து கழித்துக் கொள்ளலாம். ஆனால், அந்தக் கழிவு லாபத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

போட்ட பணம் முழுவதும் திரும்பி வந்த பிறகும் இந்தக் கழிவு நிற்கவில்லை! எண்ணெய் வரும் வரை கழிவும் வந்தது.

"கிணறு தோண்டினால் எண்ணெய் வரும் என்பது என்ன நிச்சயம்? நஷ்டமும் வருமே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், வறண்டு போன கிணற்றின் செலவைக் கழிக்கச் சட்டத்தில் தனி வழி இருந்தது.

1969-ம் ஆண்டில் 27½ என்பது 22 ஆகக் குறைந்தது. 1975-ம் ஆண்டில்தான் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இந்தச் சலுகை நின்றது. சிறு கம்பெனிகளுக்கு அதன் பிறகும் நீடித்தது.

ஆள் சேர்த்தால் சலுகை

2010-ம் ஆண்டுத் தொடக்கத்தில், அமெரிக்காவில் வேலை செய்யக் கூடியவர்களில் 100-க்கு 10 பேர் வரை வேலை இல்லாமல் இருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம், ஜனாதிபதி ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

தொழிலாளியின் முதுமைக் காலப் பாதுகாப்புக்காக, அவருடைய சம்பளத்தில் 100-க்கு 6.2 டாலர் வீதம் முதலாளி சர்க்காருக்குக் கட்ட வேண்டும். 60 நாள் வேலை இல்லாமல் இருந்தவரைச் சேர்த்துக் கொண்டால், இந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். அவரை 52 வாரம் வேலையில் வைத்திருந்தால், 1,000 டாலர் வரை மேலும் வரி குறையும்.

இதில் நிபந்தனைகளும் இருந்தன. சலுகைக்காகப் பழைய ஆளை நீக்கி விட்டு, அந்த இடத்தில் புது ஆளைப் போடக் கூடாது. முதலாளியின் மகனையோ மருமகனையோ கணக்கில் காட்டக் கூடாது!

எப்படியும் ஆள் எடுக்க இருந்தவர்களுக்கும் இந்தச் சலுகை போனது. அது ஒரு குறைதான். ஆனாலும், சலுகை வாங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்குச் சம்பளம் கிடைத்தது.

எது நியாயம்?

ஆள் சேர்த்தவருக்குக் கொடுத்த 6.2 டாலர் சலுகை, அந்த ஆண்டு முடிவோடு நின்றது. எண்ணெய் எடுத்தவருக்குக் கொடுத்த சலுகை, அரை நூற்றாண்டு நின்றது!

இது தலைகீழ் நியாயம். பூமிக்குள் இருக்கும் எண்ணெயை எந்த முதலாளியும் உண்டாக்கவில்லை. அதில் வரும் லாபத்துக்கு முழு வரி வாங்க வேண்டும். அந்தப் பணத்தில், வேலை இல்லாதவரைச் சேர்க்கிறவருக்குச் சலுகை கொடுக்கலாம்.

அந்தச் சலுகைக்கும் நிபந்தனை வேண்டும், கெடுவும் வேண்டும். வேலை கொடு; சலுகை எடு! வேலை போனால், சலுகையும் போக வேண்டும்!